ஈசானிய மூலைச் செங்கல்

அகழி என்றால் முதலை இருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் பார்த்த ராஜா ராணி படங்களின் புண்ணியம். மயிலாப்பூர்த் தோழி "என் அகழியைப் பார்க்க வரியா?" என்று முதல்முறை கேட்டபோது, "முதலை உண்டா?" என்று கேட்டுவைத்தேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

கல்லூரியில் தமிழ் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். நான் கணக்குப் படித்து, கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். அவள் தொல்லியல் ஆராய்ச்சிக்குப் போனாள். குளத்தை ஒட்டிய சந்தில் அவர்கள் வீடு. வீட்டில் பாதிப் பேர் பேராசிரியர்கள், மீதிப் பேர் பாடுகிறவர்கள். அந்தக் குடும்பத்துப் பெண் வெயிலில் மண்வெட்டியோடு நிற்பதை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. "குழி தோண்டறதுக்கா இவளை எம்.ஏ. படிக்க வெச்சேன்?" என்று அவள் அப்பா நான் போகும்போதெல்லாம் என்னைக் கேட்பார். என்னமோ நான்தான் மண்வெட்டி வாங்கிக் கொடுத்த மாதிரி.

அவளுடைய அகழி காஞ்சிபுரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தது. அங்கே ஒரு பெரிய மண்மேடு. மேட்டைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் உட்புறமாக, ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய மண்கரை. கரைக்குள்ளே தாழ்வான பக்கத்தில் கொஞ்சம் குடிசைகளும் ஓட்டு வீடுகளும். பழங்காலத்தில் அங்கே ஒரு நகரம் இருந்தது, பள்ளம் அதன் அகழி, கரைக்குள் செங்கல் சுவர் இருக்கிறது என்பது அவள் கட்சி. அதெல்லாம் ஒன்றுமில்லை, அது தூர்ந்துபோன ஏரி என்பது அவளுடைய பேராசிரியரின் கட்சி. "ஏரின்னா கரை ஒரு பக்கம்தானேடி இருக்கும்? இது சுத்தி வரதே!" என்று அவரிடம் கத்த வேண்டியதை என்னிடம் கத்துவாள்.

கரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விவகாரம் தீர்ந்துவிடும். மண் அடுக்கடுக்காகத் தெரியும், எந்த அடுக்கில் என்ன கிடக்கிறது என்பதுதான் சாட்சி என்பாள். இடம் பெயர்ந்த பொருள் வாய் திறக்காதாம். வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். அதற்காக அவள் வருஷக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "கரையை வெட்டிட்டு வரேன்" என்று தள்ளிப்போட்டாள். "அப்படி என்னதான்டி தெரியணும் உனக்கு?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "யாருக்குப் பயந்துண்டு இத்தனை மண்ணைக் குவிச்சா, அது தெரியணும்" என்றாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு பயம் இருந்தது. அது தண்ணீர்ப் பயம்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அண்ணனுக்கு ரங்கநாதன் தெருவில் சின்ன ஜவுளிக்கடை. அண்ணன், மைனி, அவர்களின் இரண்டு பெண் பிள்ளைகள், நான் எல்லோரும் மேற்கு மாம்பலத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஐப்பசி பிறந்தால் மழையும் சாக்கடையும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். தெருவில் ரோடு போட வருகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டவே மாட்டார்கள். அதன் மேலேயே போட்டு உருட்டிவிட்டுப் போவார்கள். ரோடு வளர்ந்துகொண்டே போனது, எங்கள் வாசல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு தீபாவளிக்குக் கடையில் இடமில்லாமல் வீட்டில் அடுக்கிவைத்திருந்த பட்டுச் சேலைகளெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறின. அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழே மிதக்கும் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கட்டுத வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரக்கூடாது. வந்துச்சுன்னா என் பேரை மாத்திக்கிடுதேன்" என்றார்.

பேரை மாற்றிக்கொள்ளும் நிலைமை வரக்கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். அடையாறில் ஒரு மனை அமைந்தது. பள்ளமான மனை. சென்னையில் பள்ளத்தில் மனை வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை, லாரி லாரியாக மண் கொட்டி ரோட்டைவிட உயர்த்துவது. பக்கத்து மனைக்காரர் உயர்த்தினால் நாம் அவரைவிட ஒரு பிடி கூட உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அவர் வீட்டுத் தண்ணீரும் நம் வீட்டுக்கு வரும். தெரு முழுக்க இப்படி ஒருவரை ஒருவர் மூழ்கடிக்கும் போட்டிதான். கட்டட இடிபாடு வேண்டாம், கடல் மண் வேண்டாம், நல்ல இறுகிய மண்தான் வேண்டும் என்று அண்ணன் பல பேரைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் ஒரு மண் லாரிக்காரர் வந்து, "அண்ணாச்சி, நான் எட்தாறது பழைய கோட்ட மண்ணு. தட்டி வுட்டா கல்லு மாரி நிக்கும். இன்னாத்துக்கு ரோசன பண்ற?" என்று சொல்லி அவரை மடக்கிவிட்டார். எந்த ஊர் மண் என்றும் சொன்னாராம். அண்ணன் அதை வீட்டில் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மண்ணுக்கு யார் ஊர் கேட்கிறார்கள்?

பொங்கல் கழிந்து மண் வந்து இறங்கியது. நல்ல மண்தான். நடுநடுவே கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் கிடந்தன. அண்ணன் பிள்ளைகள் அதில் வழவழப்பானதாகப் பொறுக்கிவந்து மாம்பலத்துத் தெருவில் பாண்டி ஆடினார்கள். ஓட்டோடு ஓட்டாகச் சில செங்கற்களும் வந்தன. அதில் ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. எங்கள் ஊர்ச் செங்கல்லைப் போல இரண்டு மடங்கு நீளம், நல்ல கனம். மேஸ்திரியே அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். அண்ணனுக்குப் பரவசமாகிவிட்டது. மண்ணுக்குள்ளிருந்து தானாக வந்த செங்கல், அதைத்தான் முதல் கல்லாக வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தை மாதம் நல்ல நாள் பார்த்து, ஈசானிய மூலைத் தூணுக்குத் தோண்டிய குழியில் அதை இறக்கி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பால் ஊற்றி, பூஜை நடந்தது. பாலை ஊற்றியது நான். கையோடு கான்கிரீட் கொட்டினார்கள். எல்லாவற்றையும் போட்டோக்காரர் ஒன்றுவிடாமல் எடுத்து, சிவப்பு அட்டை ஆல்பமாகப் போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் மைனி காப்பியோடு ஆல்பத்தையும் கொண்டுவந்து கையில் திணிப்பார். தப்பிக்க வழியே கிடையாது.

பங்குனியில் தோழிக்கு அனுமதி கிடைத்தது. கோடையில் வெட்டலாம் என்று கையெழுத்தாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலுக்கே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் சில மாதங்களாக அவளால் அந்த ஊர்ப் பக்கமே போக முடியவில்லை. எங்கே குழி போடுவது என்று பார்த்து முளைக்குச்சி அடித்துவிட்டு வரலாம், நீயும் வா என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். வழி முழுக்கப் பேசினாள். ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தாள். அதுவே அதிசயம்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். ஒற்றையடிப் பாதை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். லாரி போகும் அகலத்துக்குப் பாதை கிடந்தது. "ரோடு போட்டிருக்கா போலிருக்கு" என்றாள். ஒரு டீக்கடையைத் தாண்டி, அம்மன் கோவிலைச் சுற்றி வளைந்ததும் சட்டென்று நின்றாள். நான் பின்னால் வந்து அவள் முதுகில் இடித்துக்கொண்டேன்.

"எங்கடி உன் கரை?" என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன்.

அவள் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், வழி தவறிவிட்டதோ என்று கோவிலைத் திரும்பிப் பார்த்தாள். எதிரே தட்டையான தரை. தரையில் டயர் தடங்கள். தூரத்தில் மட்டும் கரையின் ஒரு துண்டு மிச்சமிருந்தது, அதன் முகத்தில் பொக்லைன் பற்கள் கீறிய கோடுகள். பள்ளம் இருந்தது, மேடு இருந்தது. நடுவில் இருந்த கரையைத்தான் காணோம். பட்டப்பகலில், ஊர் பார்க்க, மலைப்பாம்பு மாதிரி நீண்டு கிடந்த கரையை யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.  அவள் கையிலிருந்த முளைக்குச்சிக் கட்டு நழுவி விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

டீக்கடை நடத்தியவள் நடுத்தர வயதுப் பெண். தோழியை அவளுக்கு முன்பே தெரியும். "வாம்மா, ரொம்ப நாளா காணமே" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டாள்.

"கரை எங்கே போச்சு?" என்று தோழி கேட்டாள். 

"அத்த வாரிக்கினு பூட்டாங்கம்மா. பொங்கலுக்கு அப்பால ஆரமிச்சாங்க. லாரியா வந்துச்சி. எனக்கு நல்ல யாபாரம், பொய் சொல்லக்கூடாது. இப்ப வழி பெருசாயிட்ச்சா, பஸ்ஸு உள்ளாறவே வரும்னு சொல்லிக்கிறாங்க."

"யாரும் தடுக்கலியா?"

"மண்ணுதானம்மா" என்றாள் அவள். அதில் ஒரு குறும்பும் இல்லை. மண்தான் என்று நினைத்தாள், மண் என்று சொன்னாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் அந்த லாரிக்காரனையும் மண் வாங்கிய தடியன்களையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். "எவன் வீட்டுக்கடியில போய்க் கெடக்கோ, அவன் நல்லாருப்பானா?" என்றுகூடச் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தக் கோலத்தில் அவளை மயிலாப்பூருக்கு அனுப்ப மனசில்லாமல், ஒரு காப்பியாவது குடித்துவிட்டுப் போ என்று மாம்பலத்துக்கு இழுத்துவந்தேன்.

அண்ணன் வீட்டில் இருந்தார். மைனி காப்பி கொண்டுவந்தார். ஆல்பமும் வந்தது. நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். மைனி கவனித்தால்தானே? தோழி மரியாதைக்காகப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். ஆல்பத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்தச் செங்கல் ஏது?"

"அது மண்ணோட வந்ததும்மா. அதிர்ஷ்டக்கல்லு" என்று அண்ணன் உற்சாகமாக ஆரம்பித்தார். "பழைய கோட்டை மண்ணுல்லா!"

"எந்த ஊர் மண் அண்ணா?"

அண்ணன் ஊர்ப் பேரைச் சொன்னார்.

நாங்கள் அப்போதுதான் இறங்கிவந்த ஊர். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளில் அந்த மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.  பஸ்ஸில் நான் திட்டிக்கொண்டு வந்த தடியன் என் எதிரே பனியனோடு உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். போட்டோவில் அந்தச் செங்கல் மேல் பாலை ஊற்றிக்கொண்டிருந்த கை என்னுடையது. வளையல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னோம். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அவர் கெட்ட மனிதர் இல்லை. "எனக்கு எப்படிம்மா தெரியும்? நல்ல மண்ணான்னுதான் பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திடீரென்று எழுந்து நின்று, "எடுத்துத் தந்துருதேன். தூண் போனாப் போவுது, இடிச்சு அந்தக் கல்ல எடுத்துத் தந்துருதேன்" என்றார். மைனி பதறிப்போய், "ஈசானிய மூலையில கை வைக்கவா? இன்னும் கிரகப்பிரவேசமே ஆவல!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணா" என்றாள் தோழி. "எடுத்தா அது வெறும் செங்கல். அது இருந்த எடத்துல நான் பார்த்திருந்தேன்னாத்தான் அது சுவர்." போட்டோவைத் திரும்பவும் பார்த்துவிட்டு, "இது மாதிரி எத்தனை வந்தது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு இருந்ததா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. பாண்டி ஆடிய ஓடுகளைச் சின்னப் பிள்ளை ஓடிப்போய் எடுத்துவந்து அவள் மடியில் போட்டது. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டாள். காப்பி ஆடை கட்டிப்போயிருந்தது. குடிக்காமலே கிளம்பினாள்.

அனுமதித் தாள் அவள் பீரோவில் கிடந்தது. பேராசிரியர் "அதான் சொன்னேனே, விட்டுவிடு" என்றாராம். அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு வந்தாள். ஈசானிய மூலையில் பூஜை அறை. எல்லோரும் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அவள் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. அடையாறில் எங்கள் தெரு கால்வாயானது. எதிர்வீடு, பக்கத்து வீடு, கோடி வீடு எல்லாம் முழங்கால் தண்ணீர். எங்கள் கேட்டின் கடைசிப் படியை நக்கிக்கொண்டு தண்ணீர் நின்றது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். "பாத்தியாட்டி? ஒரு சொட்டு!" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களை மாடிக்கு வரச்சொல்லி இட்லி போட்டோம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கால் நனையாமல் கழிந்த என் முதல் ஐப்பசி.

மழை விட்டதும் தோழி போன் செய்தாள். "அங்கே போகணும். தண்ணி வடியறதுக்குள்ளே போகணும். வரியா?" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த அகலமான பாதை இப்போது ஓடையாகியிருந்தது. சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். பள்ளம் முழுக்கத் தண்ணீர். அன்றைக்குத்தான் நான் அகழியைப் பார்த்தேன். மேட்டைச் சுற்றிக்கொண்டு அத்தனை தண்ணீர் நின்றது. மிச்சமிருந்த கரைத்துண்டுக்குப் பின்னால் இரண்டு வீடுகள் நனையாமல் நின்றன. கரையை எடுத்த இடத்தில் தண்ணீர் நேராக ஊருக்குள் போயிருந்தது. சுவர்களில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. குடிசைகள் இருந்த இடத்தில் கூரை மட்டும் தரையில் படுத்திருந்தது. தோழி அந்தக் கோட்டில் கையை வைத்தபடியே வீடு வீடாக நடந்தாள். கரைத்துண்டு வரை போனவள், அதன்மேல் சாய்ந்து நின்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணிக்குப் பயந்துண்டுடி" என்றாள். "எதிரியும் இல்லை, ஒருத்தனும் இல்லை. தண்ணிக்குப் பயந்துண்டு கட்டியிருக்கா. இத்தனை காலமா நின்னிருக்கு." அவள் கேட்ட சாட்சி கிடைத்துவிட்டது. என் அண்ணனைப் போல யாரோ ஒருவன், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சொட்டு வரக்கூடாது என்று சபதம் போட்டிருக்க வேண்டும். அவன் குவித்ததை வாரிக்கொண்டுபோய் எங்கள் வீட்டுக்கடியில் போட்டுக்கொண்டோம்.  

டீக்கடை இல்லை. அதன் மண்சுவர் கரைந்து குட்டிச்சுவராக நின்றது. அந்தப் பெண் ஒரு கிழிந்த சேலையை விரித்து ஊறிய அரிசியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"பாத்தியாம்மா எங்க கதிய? எங்க அப்பன் காலத்துல, தாத்தன் காலத்துல, இந்த ஊருக்குள்ள தண்ணி வந்ததே கெடையாது. இந்த வருசம் இன்னா ஆச்சோ, மாரியாத்தாளுக்கு எங்க மேல இன்னா கோவமோ."

தோழி என்னைப் பார்த்தாள். நான் அரிசியைப் பார்த்தேன்.

"ஆமா, பட்டணத்துலயும் நல்ல மழைன்னு ரேடியோல சொன்னாங்களே" என்று அவள் என்னிடம் கேட்டாள். "உங்க ஊட்டாண்ட தண்ணி கிண்ணி வந்துச்சாம்மா?"

"இல்ல" என்றேன். "உள்ள வரல."

"நல்லதாப் போச்சு" என்றாள். உள்ளபடியே அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. "நின்னுக்கினே கீறியே, குந்தும்மா" என்று கவிழ்ந்து கிடந்த பெஞ்சை நிமிர்த்திப் போட்டு, முந்தானையால் சேற்றைத் துடைத்தாள்.